ஒல்லிப் பயல்களுக்கும் உளுந்தங்களி கொடுங்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் எந்த ஜிம்முக்குப் போனாலும் ஒல்லியாக ஒரு பையன் நுழைந்ததும் அவனுக்குக் கிடைக்கிற முதல் அறிவுரை, "ஒரு மாஸ் கெய்னர் டப்பா வாங்கிக்கோ தம்பி" என்பதுதான். ஜவுளிக்கடையில் வேலை பார்த்து வீட்டுக்கும் பணம் கொடுக்கிற பையன் எடை கூட்டுகிற அந்தப் பவுடர் டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் முதலில் இருக்கிற பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். அது சீக்கிரம் செரித்துவிடுகிற மாவுச்சத்து. அந்தச் சத்துக்கு நம்ம வீட்டுச் சோறும் கருப்பட்டியும் போதும்.

ஒல்லியான பையன்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் சாப்பிடுதேன் அண்ணே, உடம்புதான் தேற மாட்டேங்குது." பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறான். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் விஷயம் வெளியே வரும். காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டு இட்லி. மதியம் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும். சாயங்காலம் டீயும் ஒரு வடையும். ஜிம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அசதியில் மூன்று தோசை. இதில் புரதம் 30 கிராம் தேறினாலே பெரிது. 55 கிலோ பையன் வெயிட் தூக்கிச் சதை ஏற்ற வேண்டுமானால் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமாவது வேண்டும். அதாவது நாளைக்கு 90 கிராம் அளவில். மொத்தக் கலோரியும் அவன் செலவழிப்பதைவிட 300 முதல் 500 வரை கூடுதலாகப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்போடு ஒரு பிடி பிடித்ததை மனசில் வைத்துக்கொண்டு தினமும் நிறைய சாப்பிடுவதாக நினைத்தால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

எனக்கு ஆதங்கமே இதுதான்: உடம்பைத் தேற்றுகிற வித்தை திருநெல்வேலிச் சீமையில் வீட்டுக்கு வீடு தெரியும். பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் ஆச்சி என்ன செய்கிறாள்? தோல் நீக்காத தொலி உளுந்தை வாசம் வர வறுத்து, கொஞ்சம் பச்சரிசி சேர்த்துத் திரித்து வைக்கிறாள். கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதிக்க விடுகிறாள். மாவைத் தூவிக் கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே நல்லெண்ணெயை ஊற்றுகிறாள். எண்ணெய் பிரிந்து, களி சட்டியில் ஒட்டாமல் உருண்டு வந்தால்தான் இறக்குவாள். அதையும் உருண்டை பிடித்து, நடுவில் குழி பண்ணி, மறுபடி எண்ணெய் விட்டுக் கையில் கொடுப்பாள். 50 கிராம் உளுந்து, 50 கிராம் கருப்பட்டி, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு உருண்டையில் ஏறத்தாழ 600 கலோரி, 12 கிராம் புரதம். கொஞ்சமாகத் தெரிகிற சாப்பாட்டில் நிறைய சத்தை அடைக்க வேண்டும் என்று எந்தப் பயிற்சியாளரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தக் களி சடங்குக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் மட்டும் என்று ஏன் ஒதுங்கிவிட்டது? கேலி செய்வார்கள் என்று பையன்கள் கேட்பதில்லை. ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு என்று வீட்டிலும் கிண்டுவதில்லை. காலை இட்லியோடு தினம் ஒரு உருண்டை உள்ளே போனாலே தராசு முள் நகர ஆரம்பிக்கும்.

புரதத்தில் மீதியை வேறு வழிகளில் நிரப்பலாம். ஒரு முட்டையில் 6 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், ஒரு கை வறுத்த நிலக்கடலையில் 7 கிராம். தூத்துக்குடியிலிருந்து வருகிற சாளை மீன் விலை குறைவு. சதையில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் புரதம் இருக்கிறது. சைவ வீட்டுப் பிள்ளைகள் கலங்க வேண்டாம். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் நம்ம ஊர்ச் சொத்து. அதோடு சுண்டல், கட்டித் தயிர், வாரத்தில் சில நாள் சோயா. சொதியில் தேங்காய்ப்பால் தாராளமாக இருப்பதால் கலோரிக்கும் குறைவில்லை. பசி இல்லாதவன் மென்றுதான் தின்ன வேண்டும் என்றும் இல்லை. பால், இரண்டு வாழைப்பழம், வறுத்த கடலை, கருப்பட்டி எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் குடித்துவிடலாம். சித்திரை வெயிலில் சோறு இறங்காத நாட்களில் இது பெரிய உதவி.

புரோட்டாவைப் பற்றிக் கேட்பீர்கள். ஒல்லியானவனுக்கு அது எதிரி இல்லை. ஆனால் சால்னாவை மட்டும் ஊற்றிக் குழைத்து அடித்தால் மைதாவும் எண்ணெயும்தான் சேரும். இரண்டு ஆம்லெட்டோ கோழியோ கூட இருக்கட்டும்.

சாப்பாடு ஏறினால் மட்டும் போதாது. ஜிம்மில் தூக்குகிற கம்பியிலும் எடை ஏற வேண்டும். இல்லையென்றால் தொப்பைதான் முதலில் வரும். வாரம் மூன்று நாள் ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச், ஷோல்டர் பிரஸ் என்று பெரிய பயிற்சிகளைப் பிடித்துக்கொண்டு, முறை தவறாமல் செய்ய முடிகிற வரை 2.5 கிலோவாகக் கூட்டிக்கொண்டே வந்தால் போதும். தினம் ஒரு மணி நேரம் கைச் சதைக்கு மட்டும் டம்பெல்லை மடக்கித் தூக்கிக்கொண்டிருக்கிற பையன்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, அந்த உழைப்பு வீண். வாரத்துக்கு கால் கிலோ முதல் அரை கிலோ ஏறினால் நல்ல வேகம். இரண்டு வாரம் முள் அசையவில்லையா, சாப்பாட்டில் இன்னும் ஒரு கைப்பிடியைக் கூட்டுங்கள். காசு மிச்சம் இருந்தால், வெயிட் தூக்க வலுக் கொடுக்கிற கிரியாட்டின் பவுடர் வாங்கலாம், நாளைக்கு 3 முதல் 5 கிராம். சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். 'பத்தே நாளில் உடம்பு ஏறும்' என்று பெயர் ஒட்டாத மாத்திரையோ லேகியமோ யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட சரக்கில் ஸ்டீராய்டு கலக்கிறவர்கள் உண்டு. முகம் உப்பி ஆள் தேறினது போலத் தெரியும், அது சதை இல்லை. சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போனாலோ, சாயங்காலக் காய்ச்சலும் விடாத இருமலும் இருந்தாலோ, தண்ணீர்த் தாகம் அடங்காமல் இருந்தாலோ, களியையும் ஜிம்மையும் ஒதுக்கி வைத்துவிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் சர்க்கரை, தைராய்டு, சளிப் பரிசோதனை மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள்.