பாட வையுங்கள், மேடையேற்ற அவசரப்படாதீர்கள்

மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இசை நல்லது என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. "ஆமாம், நல்ல பாட்டுக் கேட்டால் மனசு லேசாகும்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம். வார்டில் ஒரு ஸ்பீக்கரை மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. எட்டுப் பத்துப் பேர் ஓர் அறையில் வட்டமாக உட்கார்ந்து, வாரம் தவறாமல் தாங்களே பாடுவதும் தட்டுவதும் வாசிப்பதும் பற்றித்தான். பெரும்பாலான இடங்களில் இது நடந்தால், பொழுதுபோக்கு வகுப்பு என்ற கணக்கில்தான் நடக்கிறது. யாராவது ஆர்வலர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. சிகிச்சைத் திட்டத்திலேயே இதற்கு நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரினியா) நோயை எடுத்துக்கொள்வோம். காதில் குரல் கேட்பது, யாரோ துரத்துகிறார்கள் என்ற சந்தேகம் போன்றவற்றைப் பலருக்கு மாத்திரைகள் நன்றாகவே கட்டுப்படுத்துகின்றன. ஆனால் இந்த நோய்க்கு இன்னொரு பாதி உண்டு. எதிலும் விருப்பமில்லாமல் போவது, பேச்சு குறைவது, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது, மனிதர்களை விட்டு ஒதுங்குவது. "மாத்திரை போட்டும் சும்மாவே உட்கார்ந்திருக்கிறானே" என்று வீட்டில் அலுத்துக்கொள்வது இதைப் பார்த்துத்தான். அது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் பகுதி. இந்தப் பாதியில் மருந்துகளால் செய்ய முடிவது குறைவு.

இசைக்கு வேலை இருப்பது இங்கேதான். மனச்சிதைவும் அதைப் போன்ற தீவிர நோய்களும் உள்ளவர்களுக்கு இசை சிகிச்சை பலன் தருகிறதா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2017-இல் ஒரு திறனாய்வு வெளியிட்டது. 18 ஆய்வுகள், மொத்தம் 1,215 பேர். சில தனிநபர் சிகிச்சை, சில குழுச் சிகிச்சை. வழக்கமான சிகிச்சையோடு இசையும் சேர்ந்தபோது, நான் மேலே சொன்ன அந்த ஒதுங்கல், விருப்பமின்மை போன்ற அறிகுறிகள் குறைந்தன, மற்றவர்களோடு பழகும் திறன் கூடியது என்பது அதன் முடிவு.

ஏன் அப்படி? ஒரு சாதாரண உரையாடலில் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் சொன்னதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பதிலுக்கு வார்த்தை தேட வேண்டும், அதையும் தாமதமாகாமல் சொல்ல வேண்டும். மனம் களைத்துப்போன ஒருவருக்கு இது மலை போன்ற காரியம். குழுவாகத் தாளம் போடும்போது இதில் எதுவுமே தேவையில்லை. கேள்வி இல்லை, பதில் இல்லை. ஆனாலும் அவர் மற்றவர்களோடு இருக்கிறார்.

நல்ல இசை சிகிச்சையாளர் செய்யும் ஒரு சின்ன காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் கையில் மேளம் இருக்கிறது, அதை வாசிக்காமல் இரண்டு விரலால் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறார். சிகிச்சையாளர் அவரைத் திருத்துவதில்லை, "இன்னும் பலமா" என்று உற்சாகப்படுத்துவதும் இல்லை. அந்தத் தட்டலின் வேகத்தைத் தானும் எடுத்துக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பவரும் எடுத்துக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் அறை முழுவதும் அந்த இரண்டு விரலின் வேகத்துக்கு வாசிக்கிறது. அவர் நிறுத்தினால் சத்தம் மாறுகிறது, எல்லோருக்கும் அது தெரிகிறது.

எங்கள் குடும்பத்திலும் நீண்ட காலம் மனநோயோடு வாழ்ந்த ஒருவர் உண்டு. அவரிடம் நாங்கள் எல்லோரும் கேட்டது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா. பாசத்தோடுதான் கேட்டோம். ஆனால் அவர் எங்களுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று யாருக்கும் தோன்றியதில்லை. நோய் வந்தபின் ஒருவர் எப்போதும் வாங்கிக்கொள்பவராகவே ஆகிவிடுகிறார். உணவு, மருந்து, அறிவுரை, எல்லாமே வருகிறது. சேர்ந்து பாடும் வட்டத்தில் மட்டும் அவர் தருகிறார், மற்றவர்களுக்கு அது தேவைப்படுகிறது. குழு இசையின் முக்கியமான பலன் இதுதான் என்பது என் எண்ணம்.

உடலிலும் மாற்றம் தெரிகிறது. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சேர்ந்து பாடுபவர்களின் மூச்சு ஒன்றுபடும்போது இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒன்றுபடுவதைப் பார்த்தார்கள். நீளமாக இழுத்துப் பாடுவது நிதானமாக மூச்சு விடும் பயிற்சி போலவே வேலை செய்கிறது. இங்கிலாந்தில் புதிதாகத் தொடங்கிய பாட்டு வகுப்புகளையும், கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் தொடர்ந்து ஒப்பிட்டார்கள். முடிவில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் வந்துவிட்டது. ஆனால் பாடியவர்களிடம் அது சீக்கிரமே வந்தது. மனிதர்களைக் கண்டு தயங்கும் ஒருவருக்கு இந்த 'சீக்கிரம்' எவ்வளவு பெரியது! மாதக்கணக்கில் காத்திருக்க அவரால் முடியாது, இரண்டாவது வாரமே நின்றுவிடுவார்.

பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளான தாய்மார்களிடமும் இதே போக்குதான். 134 தாய்மார்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு குழு கைக்குழந்தைகளோடு சேர்ந்து பாடியது, இன்னொன்று குழந்தைகளோடு விளையாட்டில் ஈடுபட்டது, மூன்றாவது வழக்கமான கவனிப்பைப் பெற்றது. பத்து வாரத்தில் மூன்றிலும் முன்னேற்றம் இருந்தது. ஓரளவுக்கு மேல் சோர்வு இருந்தவர்களில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடப் பாடியவர்கள் வேகமாகத் தேறினார்கள். கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கு ஒரு மாதம் முன்னதாக மீள்வது சின்ன விஷயமா?

இது ஒன்றும் நேற்று முளைத்த யோசனையும் இல்லை. பிற்காலத்தில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான எட்வர்ட் எல்கர், 1879 முதல் 1884 வரை இங்கிலாந்தின் பவிக் என்ற ஊரில் இருந்த மனநலக் காப்பகத்தில் பேண்ட் நடத்துநராக வேலை பார்த்தார். அங்கிருந்தவர்கள் ஆடுவதற்கென்றே நடன இசை எழுதினார். ஆனால் வாசித்தவர்கள் ஊழியர்கள். கருவி நோயாளிகளின் கைக்கு வர இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

அப்புறம் மேடை. ஒரு குழு நன்றாகப் பாட ஆரம்பித்ததுமே நிர்வாகத்துக்கு ஆண்டு விழா நினைவுக்கு வந்துவிடும். சீருடை, ஒத்திகை, சிறப்பு விருந்தினர், போட்டோ. அதோடு, சுருதி சேராதவர் மெதுவாகப் பின்வரிசைக்குப் போவார், பிறகு வராமலே போவார். யாருக்காக அந்தக் குழு தொடங்கப்பட்டதோ அவரே வெளியே. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. இங்கிலாந்தின் நார்ஃபக் பகுதியில் ஒரு மனநல மருத்துவமனையில் தொடங்கிய 'சிங் யுவர் ஹார்ட் அவுட்' குழுக்களில் தேர்வு கிடையாது, கச்சேரிக்கான கட்டாயமும் கிடையாது. நோயாளிகளும் ஊழியர்களும் பொதுமக்களும் கலந்து பாடுவதால் யார் யாரென்று அடையாளம் போடவும் வழியில்லை.

மேடையே கூடாது என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 2011-இல் தொடங்கப்பட்ட 'மீ2' ஆர்கெஸ்ட்ரா கச்சேரிகளே செய்கிறது. தொடங்கியவர்களில் ஒருவரான ரொனால்ட் பிரான்ஸ்டைன், இசைக்குழு நடத்துநர்களுக்காக பெர்லினில் நடந்த கராயன் போட்டியில் 1979-இல் வென்றவர். தனக்கு பைபோலார் நோய் (அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது) இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். அந்தக் குழுவிலும் நுழைவுத் தேர்வு இல்லை. கச்சேரிக்கு நடுவே உறுப்பினர்கள் எழுந்து தங்கள் நோயைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கே மேடை ஏறுவது அவர்களே எடுத்த முடிவு. அந்த முடிவை வேறொருவர் எடுக்கும்போதுதான் தவறாகிறது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை நிறைய. பைபோலார் நோய்க்குத் தரும் லித்தியமும் வேறு சில மருந்துகளும் சிலருக்குக் கையை நடுங்க வைக்கும், அவருக்கு நுணுக்கமாக மீட்ட வேண்டிய கருவியைக் கொடுத்து வருத்தப்பட வைக்க வேண்டாம், உள்ளங்கையால் தட்டும் மேளம் போதும். சில மருந்துகளால் வாய் உலரும், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். காலையில் மருந்துத் தூக்கம் தெளியாதவர்களுக்கு மதியத்துக்குமேல் நேரம் வைப்பது நல்லது. குரல்கள் கேட்பவருக்குத் திடீர்ச் சத்தம் தாங்காது. ஒரு பாட்டு யாருடைய துக்கத்தைக் கிளறும் என்று முன்கூட்டியே தெரியாது, அதனால் எழுந்து வெளியே போகவும் திரும்பி வரவும் முழுச் சுதந்திரம் வேண்டும். போகிறவரோடு துணைக்குப் போக இன்னொருவரும் வேண்டும். பாடாமல் சும்மா உட்கார்ந்திருப்பவரும் குழுவில்தான் இருக்கிறார்.

இசை வந்துவிட்டது, மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேலே சொன்ன கோக்ரேன் முடிவு, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத்தான். மனம் கட்டுக்கடங்காத உற்சாகத்தில் இருக்கும் கட்டத்தில் வேகமான தாளம் சிலருக்குக் கூடாமல் போகலாம், அதை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இசையே பிடிக்காதவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடலாம்.

என் பெரிய கவலை காலம் பற்றியது. தீவிர மனநோய் உள்ளவர்களில் எத்தனை அமர்வுக்கு எவ்வளவு பலன் என்று பார்த்த 2009-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது), 3 முதல் 10 அமர்வுகளில் சிறிய பலனையும் 16 முதல் 51 அமர்வுகளில் பெரிய பலனையும் கண்டது. ஆனால் நிதி கிடைக்கும் திட்டங்களில் பல பத்து வாரத்தோடு முடிந்துவிடுகின்றன. பல ஆண்டு ஒதுங்கியிருந்த ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, ஆறாவது வாரம் வாய் திறந்து, பத்தாவது வாரம் பக்கத்தில் இருப்பவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, "திட்டம் முடிந்தது, நன்றி" என்று அறையைப் பூட்டுவது கொடுமை. இப்படி ஒரு குழு தொடங்க நினைக்கும் மருத்துவமனையோ அமைப்போ முதல் அமர்வுக்கு ஆள் தேடும்போதே, பதினொன்றாவது வாரம் யார் நடத்துவார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவரின் நேரமும் மருந்தின் செலவும் இடம்பெறும் அதே பட்ஜெட்டில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.