இன்னொரு சனிக்கிழமையும் போச்சு

2023 மார்ச்லதான் ஆஸ்திரேலியாவோட நியூ சவுத் வேல்ஸ் மாநில எலெக்‌ஷன்ல லைன்ல நின்னு ஓட்டு போட்டோம், ஒன்றரை வருஷத்துல எங்க எப்பிங் தொகுதி மெம்பர், முன்னாள் பிரீமியர் (நம்மூர் முதலமைச்சர் மாதிரி) பெரோட்டே ராஜினாமா, உடனே 2024 அக்டோபர் 19 சனிக்கிழமை இடைத்தேர்தலுக்கு மறுபடி வாங்கன்னா என்னங்க இது! ஊர்ல மாதிரி படுத்துத் தூங்கவும் முடியாது, போகலைன்னா 55 டாலர் ஃபைன். இதுல ஆளுங்கட்சி லேபர் ஆளே நிறுத்தல. அவங்க வராம இருக்கலாமாம், நான் இருக்கக்கூடாதாம். வாசல்ல நீட்டுன நோட்டீஸையெல்லாம் கக்கத்துல வச்சுக்கிட்டு, பையன் ஸ்விம்மிங் கிளாஸுக்கு லேட்டாகுதுன்னு சிணுங்க, சரி, இங்க ஓட்டுச்சாவடி வாசல்ல வழக்கமா சுட்டு விக்கிற சாசேஜாவது ஒண்ணு கிடைக்கும்னு பாத்தா அடுப்பே பத்த வைக்கல. வெங்காய வாசனைகூட இல்ல. தபால்ல போட்டிருக்கலாமேன்னு வீட்டம்மா இப்பதான் சொல்றா, முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னவாம்.