சோபா எண்ணெய்க் கறைக்கு வினிகர் நுரை உதவாது
ஒருவர், எண்ணெய் சிந்திய சோபாவில் சமையல் சோடாவைத் தூவி வினிகரை ஊற்றினால், பொங்கும் நுரை கறையைத் தூக்கிவிடும் என்கிறார். நுரை வரும், சரி. கறை போகாது. ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு வெறும் உப்புத் தண்ணீராகிவிடும். பொங்குவது கரியமில வாயு. ஈரம் பஞ்சு வரை இறங்குவதுதான் மிச்சம்.

சோடாவை மட்டும் காய்ந்தபடியே தூவினால் பயனுண்டு. சோளமாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் பஜ்ஜித் தட்டு கவிழ்ந்தபோது, தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, சோளமாவைத் தடிமனாகத் தூவி அரை மணி நேரம் விட்டோம். மாவு மஞ்சளாகக் கட்டிதட்டியது. வேக்குவமில் உறிஞ்சிவிட்டு இன்னொரு தடவை. மிச்சத்துக்கு, ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றினோம்.

ஆனால் முதலில் குஷனுக்கு அடியில் உள்ள லேபிளில், எப்படிச் சுத்தம் செய்யலாம் என்று காட்டும் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். 'டபிள்யூ' இருந்தால்தான் தண்ணீர். 'எஸ்' மட்டும் என்றால் டிரை கிளீனிங் திரவம். 'எக்ஸ்' என்றால் வேக்குவம் தவிர எதுவும் வேண்டாம். உள்ளூர்க் கடையில் செய்த சோபாவில் லேபிளே இருக்காது. பின்பக்கம் மறைவான இடத்தில் தொட்டு, சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.