லூசில் பால் பிறந்தது மொன்டானாவில் இல்லை

‘ஐ லவ் லூசி’ தொடரில் அமெரிக்காவையே சிரிக்க வைத்த லூசில் பால், மொன்டானா மாநிலத்துச் சுரங்க ஊரான பியூட்டில் பிறந்தவர் என்று இன்னமும் பகிர்கிறார்கள். தவறு. அவர் 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தார்.

இந்தக் கதையைப் பரப்பியவர்களில் லூசிலும் ஒருவர் என்பதுதான் வேடிக்கை! ஜேம்ஸ்டவுனை விட பியூட் கவர்ச்சியாகத் தோன்றியிருக்கிறது. முழுக்கக் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. அப்பா டெலிபோன் லைன்மேன். அந்த வேலைக்காகக் கைக்குழந்தையோடு குடும்பம் மொன்டானாவில் கொஞ்ச காலம் இருந்தது, அதுவும் பியூட் பக்கத்து அனகோண்டாவில். 1915இல் டைபாய்டு அப்பாவைக் கொண்டுபோக, தாத்தா பாட்டி வீட்டில், ஜேம்ஸ்டவுனை ஒட்டிய செலரான் ஊரில் வளர்ந்தார் லூசில்.

அப்புறம், நியூயார்க் நாடகப் பள்ளி ‘தேறமாட்டாய்’ என்று திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்களே, அது மட்டும் நிஜம்.