நைட்டில் உள்ள கே அச்சுக்காரர் சேர்த்ததல்ல

"ஆங்கிலத்தில் எழுதப்பட்டும் ஒலிக்காத ஊமை எழுத்துகளெல்லாம், எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய அச்சுக்காரர்கள் காசுக்காகச் சேர்த்தவை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு உதாரணமாக வீரனைக் குறிக்கும் நைட்டையும் காட்டியிருக்கிறார். இது தவறு. இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரரான கேக்ஸ்டன் அங்கே அச்சகம் தொடங்கியதே 1476-இல்தான். ஆங்கிலக் கவிஞர் சாசர் இறந்தது 1400-இல். அவருடைய கதைகளின் கையெழுத்துப் பிரதிகளிலேயே அந்தச் சொல்லில் கே, ஜி, ஹெச் மூன்றும் இருக்கின்றன, ஏனென்றால் அன்று அவற்றை வாய்விட்டு உச்சரித்தார்கள், ஏறக்குறைய 'க்னிஹ்ட்' என்று. ஜெர்மனில் இதன் உறவுச்சொல்லான 'க்னெஹ்ட்' இன்றும் அந்தக் ககரத்தோடுதான் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒலி தேய்ந்தது, எழுத்து மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சேர்க்கப்பட்ட எழுத்துகளும் உண்டுதான், ஆனால் காரணம் கூலி இல்லை. கடனைக் குறிக்கும் டெட் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது. மூலம் லத்தீன் 'டெபிட்டும்' என்பதைக் காட்டப் படித்தவர்கள் பிறகு நுழைத்தார்கள். தீவைக் குறிக்கும் ஐலண்டில் உள்ள எஸ் இன்னும் மோசம். அது பழைய ஆங்கிலச் சொல், லத்தீன் 'இன்சுலா'வோடு எந்தத் தொடர்பும் இல்லை, அந்த 'இன்சுலா'விலிருந்து வந்த ஐல் என்ற வேறொரு சொல்லோடு குழப்பி எஸ்ஸை ஒட்டிவிட்டார்கள்.

சரி, அச்சகத்தின் கை எங்குமே இல்லையா என்றால், பேயைக் குறிக்கும் கோஸ்ட்டில் உள்ள ஹெச்சைச் சொல்லலாம். கேக்ஸ்டன் பல வருடம் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ப்ரூஜ் நகரில் இருந்தவர், அந்த ஹெச் பெரும்பாலும் அங்கே பேசப்பட்ட பிளெமிஷ் மொழியின் எழுத்து வழக்கிலிருந்து வந்தது. அதுவும் பழக்கத்தால் வந்ததுதான், காசுக்காக அல்ல.