தீயணைப்பு வண்டியில் ஏறாதவர்கள்

நவம்பர், டிசம்பர் வந்துவிட்டால் போதும், சிட்னி தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். அங்கே தீ, இங்கே தீ, நாமும் ஏதாவது செய்ய வேண்டும், இருநூறு பிரியாணிப் பொட்டலம் கட்டி ஞாயிற்றுக்கிழமை காரில் எடுத்துப் போகிறோம், யார் யார் வருகிறீர்கள் என்று. கீழே வரிசையாகக் கைகூப்பல். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கிராமப்புறத் தீயணைப்புப் பிரிகேடில், அதாவது உள்ளூர் வாலண்டியர் குழுவில், சாப்பாடு, ரேடியோ, கணக்கு என்று பின்னால் இருந்து செய்யும் வேலைகளைப் பார்க்கிறவள் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், அந்தப் பிரியாணியைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

கோபப்படாமல் மேலே படியுங்கள்.

இங்கே உணவுப் பாதுகாப்பு விதி என்று ஒன்று இருக்கிறது. சூடாகக் கொடுக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும், குளிராக வைப்பது 5 டிகிரிக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரத்துக்கு மேல் கிடந்த சாப்பாடு குப்பைக்குத்தான் போக வேண்டும். காலையில் தம் போட்டு, பொட்டலம் கட்டி, நாற்பது டிகிரி வெயிலில் கார் டிக்கியில் மலையேறி வந்த கோழி பிரியாணி என்ன நிலையில் இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். ஊருக்குள் வயிறு கெட்டால் ஒரு நாள் லீவு போட்டுப் படுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் கழிப்பறையே இல்லாத சரிவில், அந்தக் கனத்த உடுப்போடு 12 மணி நேர ஷிஃப்டில் நிற்கிற ஒரு வண்டியின் ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் வயிறு கெட்டால் அந்த வண்டியை அன்றைக்கு எழுதிக் கழித்துவிட வேண்டியதுதான். அதனால் யார் சமைத்தது, எப்போது சமைத்தது, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் நாங்கள் கொடுப்பதில்லை. நீங்கள் போனதும் அந்த இருநூறு பொட்டலத்தையும் எங்களில் இரண்டு பேர் உட்கார்ந்து அப்புறப்படுத்த வேண்டும். அந்த இரண்டு பேருக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

இன்னொன்று, பெயர் பதிவு செய்த வாலண்டியருக்கு அடிபட்டால் 1987-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி இழப்பீடு உண்டு. வண்டியில் போகிறவருக்கும் அதேதான், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறவருக்கும் அதேதான். ஆசையாகக் காரை எடுத்துக்கொண்டு வந்து, மூடிய சாலையில் போலீஸிடம் வாதாடிக்கொண்டு நிற்கிறவருக்கு எதுவும் கிடையாது. அவரையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு யார் தலையிலோ விழும்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நகரங்களுக்குச் சம்பளம் வாங்கும் தீயணைப்புத் துறை தனியாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம், அதாவது மாநிலப் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு, ஆர்.எஃப்.எஸ். என்கிற கிராமப்புறத் தீயணைப்புச் சேவையின் பொறுப்பு. அதில் எழுபதாயிரத்துக்கும் அதிகமான வாலண்டியர்கள், சுமார் இரண்டாயிரம் பிரிகேடுகள். விவசாயி, எலக்ட்ரீஷியன், பள்ளிக்கூட டீச்சர், ரிட்டயரான தாத்தா எல்லாரும் இருப்பார்கள். பத்துக்காசு சம்பளம் கிடையாது. பிரிகேடின் இடத்தை ஸ்டேஷன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஷெட் என்பார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும், தகரக்கூரை, இரண்டு மூன்று வண்டி, ஓரத்தில் ஒரு சமையல் மேடை, சுவரில் காலாவதியான காலண்டர்.

வாலண்டியர் என்றதும் நம் ஆட்களுக்கு மஞ்சள் சட்டை போட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு நெருப்புக்கு எதிரில் நிற்கும் ஒரு வாட்டசாட்டமான வெள்ளைக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, முட்டி வலி வேறு. நான் சேர்ந்திருக்கிறேன் என்றால் "நீங்களா அக்கா? தீக்குள்ள போவீங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. போக மாட்டேன். சேரும்போதே கேப்டனிடம் அதைச் சொல்லிவிட்டேன். அவர், "அதுக்கு ஆள் இருக்காங்க, உங்களுக்குக் கணக்கு வருமா, ராத்திரி முழிப்பீங்களா, அதைச் சொல்லுங்க" என்றார். இரண்டும் வரும் என்றேன். அவ்வளவுதான் இன்டர்வியூ.

என்னைக் கேட்டால் இதில் உயிரான வேலை ரேடியோதான். ஒரு மேஜை, ஒரு ரேடியோ, ஒரு நோட்டு. எத்தனை மணிக்கு, யார், யாரிடம், என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு வரியாக எழுத வேண்டும். எங்கள் பெரிய டேங்கருக்கு ஒன் ஆல்ஃபா என்று பெயர், மூவாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். நடுத்தர வண்டி செவன். ஆரம்பத்தில் என் உச்சரிப்பு இவர்களுக்குப் புரியுமா என்று பயம் இருந்தது. இவர்கள் உச்சரிப்பு எனக்குப் புரிவதுதான் பெரிய பாடு என்று போகப்போகத் தெரிந்தது.

ஒரு நாள் சாயங்காலம், மின்னல் விழுந்து மலை முகட்டில் பற்றிய ஒரு சின்னத் தீ. எங்கள் வண்டிகள் இரண்டும் அங்கேதான். கட்டுப்பாட்டு மையத்தில் இருந்து செய்தி வருகிறது, தெற்குக் காற்று எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் வருகிறது என்று. இதை இரண்டு வண்டிக்கும் சொல்லி, கேட்டுவிட்டோம் என்று அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். செவன் உடனே பதில் சொல்லிவிட்டது. ஒன் ஆல்ஃபாவில் சத்தமில்லை. மறுபடி கூப்பிட்டேன், இல்லை. கூப்பிட்ட நேரத்தை எழுதினேன். மூன்றாவது முறைதான் பதில் வந்தது, ஒரு பண்ணைக் குட்டையில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம், அந்த இரைச்சலில் எதுவும் காதில் விழவில்லை. சரி, காற்று மாறுகிறது, புரிந்ததா? புரிந்தது. எழுதினேன். சொல்லிவிட்டோம் என்று நோட்டில் எழுதுவதும் அவர்கள் கேட்டுவிட்டார்கள் என்று எழுதுவதும் ஒன்றல்ல, பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

காற்றுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்றால், பகலெல்லாம் வடமேற்கில் இருந்து அனல் காற்று அடிக்கும்போது தீ குறுகலாக, நீளமாக ஓடும். சாயங்காலம் தெற்குக் காற்று வந்து பக்கவாட்டில் மோதினால், அதுவரை தீயின் பக்கமாக இருந்தது முழுவதும் முன்னேறி வரும் முகமாகிவிடும். கொஞ்சம் முன்பு வரை பத்திரமாக நின்ற இடம் அப்புறம் பத்திரம் இல்லை. விக்டோரியா மாநிலத்தில் லிண்டன் என்ற ஊரருகே 1998 டிசம்பர் 2-ம் தேதி காற்று திசை மாறியபோது, ஜீலாங் வெஸ்ட் பிரிகேடின் வண்டி ஒன்று தீயில் சிக்கி வாலண்டியர்கள் 5 பேர் இறந்தார்கள். டேங்கரில் தற்காப்புக்கென்று ஒரு அளவு தண்ணீரை எப்போதும் மிச்சம் வைக்க வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் கண்டிப்பானது. அதனால் ரேடியோவில் உட்கார்ந்திருப்பவரைச் சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும்.

சாப்பாட்டு வேலைக்கு இந்தப் பரபரப்பு கிடையாது. விடிவதற்கு முன் பகல் ஷிஃப்டுக்கான பெட்டிகள் தயாராக வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கி வருகிறவர்களுக்குச் சூடாக ஏதாவது இருக்க வேண்டும், யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யார் கோதுமை சாப்பிட மாட்டார்கள் என்று பெட்டி மேல் எழுதி ஒட்ட வேண்டும். களைத்து வருகிறவர்களுக்குப் புதுச் சுவையைச் சோதித்துப் பார்க்கும் மனநிலை இருக்காது. ஒருமுறை எலுமிச்சை சாதம் போட்டுப் பார்த்தோம், பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. ஹாம் சாண்ட்விச், பேக்கன் முட்டை ரோல், ஆப்பிள், தண்ணீர், இதைத்தான் கேட்கிறார்கள். நான் சைவம், எனக்கு அந்த பேக்கன் வாசனை இன்றைக்கும் பழகவில்லை, கைக்கு உறை போட்டுக்கொண்டு செய்துவிடுகிறேன்.

2019-20 கோடையை இங்கே பிளாக் சம்மர் என்கிறார்கள். கோஸ்பர்ஸ் மவுன்டன் தீ ஒன்று மட்டும் அக்டோபர் கடைசியில் ஒரு மின்னலில் தொடங்கி ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. மாநிலம் முழுவதும் 2400க்கும் அதிகமான வீடுகள் போயின. எல்லாத் தீயும் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அறிவித்தபோது பிப்ரவரி 13. மாதக்கணக்கில் அதே ஆட்களை மாற்றி மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. வண்டிகள் இருந்தன. தூங்காதவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட, யார் எந்த வண்டியில் எங்கே இருக்கிறார்கள் என்று அட்டையில் குறித்து வைக்க, டீசல் கணக்குப் பார்க்க ஆள் போதவில்லை. எங்கள் ஷெட்டில் ராத்திரி வண்டியில் போன அதே பையன் பகலில் வந்து போன் எடுத்தான்.

அந்தக் கோடையில் பணத்துக்குக் குறைச்சல் இல்லை. நகைச்சுவை நடிகை செலஸ்ட் பார்பர் முகநூலில் கேட்டு, 5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வந்து குவிந்தது. வீடிழந்தவர்கள், காயம்பட்ட விலங்குகள், பிற மாநிலத்து அமைப்புகள் எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் பணம் போய்ச் சேர்ந்தது ஆர்.எஃப்.எஸ். பிரிகேடுகளின் அறக்கட்டளைக்கு. அதன் பத்திரத்தில் சொன்ன காரியங்களைத் தாண்டி வேறு அமைப்புகளுக்குக் கொடுக்க முடியாது என்று 2020 மே மாதம் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கருவி, பயிற்சி, காயம்பட்ட வாலண்டியர்கள், இறந்தவர்களின் குடும்பங்கள் என்று செலவழிக்கலாம். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்வேனா. ஆனால் பணம் கொடுத்தாகிவிட்டது, நம் பங்கு முடிந்தது என்கிற நிம்மதிதான் எனக்கு உறுத்துகிறது. ராத்திரி மூன்று மணிக்கு ரேடியோ முன்னால் உட்கார வைக்க ஆள் இல்லாத ஷெட்டுக்கு எத்தனை கோடி வந்தும் அந்த ராத்திரிக்குப் பயன் இல்லை.

அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு, எங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்கிறார். பாதி நியாயம். பல வாரம் தொழிலை விட்டுவிட்டுத் தீயில் நின்றவர்களுக்கு ஒரு நாளைக்கு 300 டாலர் வீதம் 6000 டாலர் வரை தருகிறோம் என்று மத்திய அரசு அறிவித்தது 2019 டிசம்பர் கடைசியில். அதற்குள் இங்கே பலர் கடன் வாங்கியாகிவிட்டது. அந்த மாதிரி உதவித்தொகையைக் கேட்டு வாங்க வேண்டியதுதான். ஆனால் ஒரு கோடை பற்றி எரியும், அடுத்த இரண்டு கோடை மழையாகவே போகும், இவ்வளவு பெரிய பரப்புக்கு வருடம் முழுக்கச் சம்பள ஆளை உட்கார வைப்பது எந்த அரசாங்கத்தாலும் நடக்காது. தவிர, எந்தப் பண்ணையில் குட்டை இருக்கிறது, எந்தக் கேட்டுக்குப் பூட்டு என்பது உள்ளூர் ஆளுக்குத்தான் தெரியும்.

விக்டோரியாவில் சீக்கிய வாலண்டியர்கள் அதே கோடையில் பெர்ன்ஸ்டேல் பக்கம் போய்ச் சமைத்துப் போட்டார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மை, அருமையாகச் செய்தார்கள். அவர்கள் அதற்கு முன்பிருந்தே மெல்பனில் இலவச உணவு வண்டி நடத்திப் பழகியவர்கள். தீ வந்த பிறகு குழு ஆரம்பிக்கவில்லை. நான் சொல்வதும் அதுதான்.

நம் ஆட்களில் கணக்கர்கள் எத்தனை பேர், நர்ஸுகள், ஐ.டி. ஆட்கள், ஷிஃப்ட் போட்டு அட்டவணை தயாரிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர். எங்கள் ஷெட்டின் பயிற்சிப் பதிவேடு, பாட்டரி சார்ஜ் பட்டியல், ராஃபிள் என்கிற குலுக்கல் சீட்டு வரவு செலவு எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில் நொண்டிக்கொண்டிருக்கின்றன. கவர்ச்சியான வேலை இல்லை, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். கூட்டம் நீளமாக இருக்கும். ஆன்லைன் பயிற்சி தூக்கம் வரவைக்கும். சனிக்கிழமை கடை வாசலில் நின்று சாசேஜ் விற்றுக் காசு சேர்க்க வேண்டும். வண்டியோடு எடுத்த படத்தில் பெரும்பாலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள், படம் எடுத்தவர் நீங்களாக இருப்பீர்கள். சில பழைய ஆட்கள் வண்டியில் ஏறாதவரை முழு உறுப்பினராக நினைக்க மாட்டார்கள், பொருட்படுத்தாதீர்கள், ராத்திரி சூப்பு கொடுக்கும்போது எல்லாரும் சரியாகிவிடுவார்கள்.

சேர நினைப்பவர்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக, நெபியன் ஆற்றுக்கு அந்தப்பக்கமோ ஹாக்ஸ்பரி பக்கமோ இருந்தால் பக்கத்து ஷெட்டில் பயிற்சி நடக்கும் மாலை எது என்று விசாரித்துப் போய் நில்லுங்கள், எனக்கு வண்டியில் ஏற வேண்டாம், இதெல்லாம் தெரியும் என்று சொல்லுங்கள். நகருக்குள் பாரமட்டா, டூங்காபி பக்கம் இருப்பவர்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு மையத்தில் கேட்கலாம். ஜூன், ஜூலையில் போங்கள். அக்டோபர் 1-ம் தேதி தீக்காலம் தொடங்கிய பிறகு, புது ஆளுக்கு உட்கார்ந்து ரேடியோ சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.