ரெண்டும் ஒரே புடவைதான், சகலை!

காலை ஏழரை மணி. பல்கூட துலக்கவில்லை, சகலையிடமிருந்து வாட்ஸ்அப். "கேபிள் மாத்திட்டேன் சகலை. 380 வெள்ளி, தங்க முலாம் போட்டது. சனிக்கிழமை குடும்பத்தோட வாங்க, டால்பியா டிடிஎஸ்ஸான்னு மறுபடி கேட்டுப் பார்த்து ஒரு முடிவு கட்டிடுவோம்."

மறுபடியா? போன சனிக்கிழமை பட்டதே இன்னும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. டால்பி, டிடிஎஸ் இரண்டும் படத்தின் ஒலியை மடித்து டிஸ்க்குக்குள் அடைக்கிற இரண்டு கம்பெனி முறைகள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் பைத்தியம் இருக்கும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் தலையெழுத்து, அது என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். வயதில் மூத்தவர், எதிர்த்துப் பேசவும் முடியாது. கோலாலம்பூர் செந்தூலில் பதினாலாவது மாடி, புது ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிற பெட்டி), ஏழு ஸ்பீக்கர், சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு சப்ஊஃபர். மனிதர் ஒரே படத்தை ப்ளூ-ரே டிஸ்க்கில் இரண்டு தடவை வாங்கி வைத்திருக்கிறார். உள்ளூர் டிஸ்க்கில் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த டிஸ்க்கில் டால்பி ட்ரூஎச்டி. எது ஒசத்தி என்று கண்டுபிடிக்கத்தான் அழைப்பு. மட்டன் பெரட்டல் இருக்கிறது என்று அக்கா சொன்னதால் போனேன், அந்தத் தப்பு என்னுடையது.

ஹெலிகாப்டர் ஒன்று மழையில் கூரைமேல் இறங்கும் காட்சி. இரண்டு நிமிடம் இருக்கும். முதலில் டிடிஎஸ். அப்புறம் டிஸ்க்கை வெளியே எடு, மற்றதைப் போடு, வட்டம் சுற்றுவதைப் பார், திருட்டு டிஸ்க் வாங்காதே என்ற எச்சரிக்கையைப் பார் (காசு கொடுத்து வாங்கியவனைத்தான் உட்காரவைத்து மிரட்டுவார்கள், திருடியவன் நிம்மதியாகப் படம் பார்ப்பான்), அதே எச்சரிக்கையை இன்னும் மூன்று மொழியில் பார், ரிமோட்டில் எந்த பட்டனை அமுக்கினாலும் நகராது, கடைசியில் மெனு, அதில் காட்சியைத் தேடு. ஆக மொத்தம் நாலு நிமிடம். அதற்குள் முதலில் கேட்டது எப்படி இருந்தது என்று எந்தக் காதுக்கு ஞாபகம் இருக்கும்? சகலைக்கு இருந்ததாம். "கேட்டீங்களா, டிடிஎஸ்ல விசிறி நம்ம தலைக்கு மேல சுத்துது, டால்பில ஜன்னலுக்கு வெளியவே நின்னுடுது."

இப்படிப் பதினோரு தடவை. நான் எண்ணினேன், வேறு என்ன வேலை எனக்கு? நாலாவது சுற்றில் பிள்ளைகள் அறைக்குள் ஓடிவிட்டார்கள். ஆறாவது சுற்றில் மாமியார் பூண்டு உரித்துக்கொண்டே, "ரெண்டும் ஒரே சத்தமாத்தானே இருக்கு?" என்றார். "உங்களுக்கு வயசாயிடுச்சு அத்தை" என்று ஒரே போடாகப் போட்டார் சகலை.

அங்கேதான் எனக்கு வாய் அடங்கவில்லை. லாஸ்லெஸ் என்றால் என்ன அர்த்தம்? ஸ்டூடியோவில் கலந்து முடித்த ஒலி ஒரு பிட் குறையாமல் திரும்பி வர வேண்டும். ஆறு கஜப் புடவையை ஒருத்தி நாலாக மடிக்கிறாள், இன்னொருத்தி எட்டாக மடிக்கிறாள், விரித்தால் அதே ஆறு கஜம், அதே ஜரிகை, அவ்வளவுதான் விஷயம். பழைய டால்பி டிஜிட்டலும் பழைய டிடிஎஸ்ஸும்தான் வேறு ஜாதி. உள் கொசுவம் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று அதை வெட்டி எடுத்துவிட்டுப் பெட்டியைச் சின்னதாக்குகிற வேலை அது. ட்ரூஎச்டியும் மாஸ்டர் ஆடியோவும் ஒரு நூலைக்கூட வெட்டுவதில்லை. ஒரே கலவையைக் கொடுத்தால் இரண்டிலிருந்தும் வருவது ஒரே ஒலி. கலவை வேறாக இருந்தால் வித்தியாசம் கேட்கும், ஆனால் அது கலந்தவர் செய்த வேலை, மடித்தவர் செய்த வேலை இல்லை.

சகலை விடுவாரா? போனில் ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். ப்ளூ-ரேயில் ட்ரூஎச்டிக்கு உச்சம் வினாடிக்கு 18 மெகாபிட், டிடிஎஸ்ஸுக்கு 24.5. "பாருங்க, நம்பர் பேசுது. 24 பெருசா, 18 பெருசா?" அட கடவுளே. அது பெட்டியின் கொள்ளளவு, உள்ளே இருக்கிற சாமான் இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஆறு சேனலை (ஸ்பீக்கருக்கு ஒன்றாகப் பிரித்த ஒலி) மடிக்காமல் அப்படியே போட்டாலே கிட்டத்தட்ட 6.9 மெகாபிட்தான் வரும். மடித்த பிறகு யார் பெட்டி சின்னதோ அவர்தான் கெட்டிக்காரர். பருமனாக இருப்பதுதான் பெருமை என்றால் என்னைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்.

டிடிஎஸ்ஸில் சத்தம் அதிகமாகக் கேட்கிறதே என்றார். கேட்கத்தான் செய்யும்! டால்பியில் பேச்சின் அளவைக் குறிக்க ஓர் எண் உண்டு, டயலாக் நார்மலைசேஷன். டிஸ்க்கில் மைனஸ் 27 என்று எழுதியிருந்தால் ரிசீவர் எல்லாச் சேனலையும் 4 டெசிபல் இறக்கிவிடும். வால்யூமை 4 ஏற்றினால் தீர்ந்தது. சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை ஒசத்தி என்று நம்பிவிடும், ஸ்பீக்கர் விற்கிறவர்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் ஒன்பதாவது சுற்று ஆரம்பமாகிவிட்டது.

பத்தாவது சுற்றில் சின்னவன் பந்து டிவி மேசைக்குப் பின்னால் உருண்டது. எடுக்கக் குனிந்தேன். ப்ளேயரிலிருந்து எச்டிஎம்ஐ நேராக டிவிக்குப் போகிறது. ரிசீவருக்குப் போவது என்ன? சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்பு ஒயர், சொருகிய இடத்தில் சிவப்பு வெளிச்சம் கசிகிறது.

ஆப்டிகல்.

பழைய சவுண்ட்பாருக்குப் போட்ட ஒயரை, பொருத்த வந்த பையன் அப்படியே பிடுங்கி இதில் சொருகிவிட்டுப் போயிருக்கிறான். அந்த ஒயர் இரண்டு சேனல் பிசிஎம் (மடிக்காத ஒலி) தாங்கும், இல்லையென்றால் பழைய டால்பி டிஜிட்டல், பழைய டிடிஎஸ். லாஸ்லெஸ் சரவுண்ட் அதில் போகவே போகாது. அதை மடித்தபடியே அனுப்புகிற வசதி 2006இல் எச்டிஎம்ஐ 1.3இல்தான் வந்தது, டிவி வழியாகப் போக வேண்டுமானால் இஆர்க் (டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியைத் திருப்பி அனுப்புகிற எச்டிஎம்ஐ வசதி) வேண்டும். டிடிஎஸ் டிஸ்க் தன் வயிற்றுக்குள்ளேயே பழைய டிடிஎஸ்ஸைச் சுமந்துகொண்டு வரும், வினாடிக்கு 1.5 மெகாபிட், அதை மட்டும் உருவி அனுப்பியிருக்கிறது ப்ளேயர். ட்ரூஎச்டியோடு ஒரு பழைய டால்பி டிஜிட்டல் துணைக்கு வரும், அதிகபட்சம் 640 கிலோபிட், அங்கே போனது அது. அதாவது மூன்று மணி நேரமாக நாங்கள் சண்டை போட்ட இரண்டு புடவையும் அலமாரியை விட்டே வெளியே வரவில்லை. கொசுவம் வெட்டிய துணி இரண்டை வைத்துக்கொண்டு பட்டு எது, பருத்தி எது என்று தடவிப் பார்த்திருக்கிறோம். டால்பி டிஸ்க் ஓடும்போதெல்லாம் ரிசீவர் முகப்பில் பட்டாணி அளவு நீல எழுத்தில் "டால்பி டி", அதாவது பழைய டால்பி டிஜிட்டல், என்று எரிந்துகொண்டுதான் இருந்தது. பாவம், அது பதினொரு மணி வரை உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நானும் பார்க்கவில்லை. நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சொன்னேன். சகலை ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப இந்த ஒயர்லயே டிடிஎஸ் நல்லா இருக்குன்னா, நல்ல ஒயர்ல இன்னும் நல்லா இருக்கும்ல?" என்று கேட்டுவிட்டுப் பதினோராவது தடவை ப்ளே அமுக்கினார்.

எனக்கு எரிகிற இடம் வேறு. இதில் தேர்ந்தெடுக்க நமக்கு என்ன இருக்கிறது? டிஸ்க் போடுகிறவன் ஒன்றை வைத்து அனுப்புகிறான், வாங்குகிறவன் கேட்கிறான். ட்ரூஎச்டியைக் கட்டாயமாக்கிய, ப்ளூ-ரேக்குப் போட்டியாக வந்த எச்டி டிவிடியை 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்டது, ப்ளூ-ரேயில் இரண்டுமே விருப்பம்தான். இப்போது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற டால்பியின் அட்மாஸ் வேண்டுமென்றால் டிஸ்க்கில் ட்ரூஎச்டிமேல் ஏறி வரும், அதற்குப் போட்டியான டிடிஎஸ்:எக்ஸ் என்றால் மாஸ்டர் ஆடியோமேல். இதில் நம்மை யார் கேட்டார்கள்? நம் கையில் இருப்பதெல்லாம் ஒரு சாதாரண எச்டிஎம்ஐ ஒயர், இருபது முப்பது வெள்ளி, அப்புறம் ப்ளேயர் மெனுவில் செகண்டரி ஆடியோவை (படத்தின் ஒலியோடு கலந்து வரும் கூடுதல் ஒலி) அணைப்பது. அது ஆனில் கிடந்தால் பல ப்ளேயர்கள் லாஸ்லெஸ்ஸைப் பழைய வடிவத்துக்கு மாற்றித்தான் அனுப்பும். அந்த மெனுப் பக்கம் ஒருவரும் போவதில்லை. சென்னையில் வாங்கிவந்த தமிழ்ப் பட டிஸ்க் ஓடவில்லை, மட்டமான டிஸ்க் என்று சகலை திட்டினார். டிஸ்க்கும் ப்ளேயரும் ஒரே ரீஜனாக (விற்பனை வட்டாரமாக) இருந்தால்தான் ஓடும்: இந்தியா ரீஜன் சி, மலேசியா ரீஜன் ஏ, அட்டைக்குப் பின்னாலேயே போட்டிருக்கிறது. படித்தால்தானே.

சரி, ஒரு வழியாகப் பதினொன்றரைக்குக் கும்பிடு போட்டுக் கீழே இறங்கினால், என் காடி டயரில் மஞ்சள் பூட்டு. விருந்தினர் இடத்தில்தான் விட்டேன். கண்ணாடியில் சீட்டு வைக்கவில்லையாம், 50 வெள்ளி. கியூஆர் வாங்க மாட்டார்களாம், ரொக்கம் மட்டும்தான். வீட்டு வாடகையிலிருந்து வாழை இலை சாப்பாடு வரை போனைக் காட்டிக் கட்டுகிற ஊரில் இந்தக் காவலாளிக்கு மட்டும் நோட்டு வேண்டும்! மனைவி கைப்பை, பிள்ளைகள் சட்டைப் பை, காடியில் டோலுக்கு வைத்திருந்த சில்லறை எல்லாம் துழாவி 43 வெள்ளி தேறியது. மேலே அண்ணாந்து பார்த்துப் போன் அடித்தேன். சகலை எடுக்கவில்லை. பதினாலாவது மாடியிலிருந்து ஹெலிகாப்டர் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.